கவரை அவிழ்த்து விடுங்க, தக்காளி மூச்சு விடட்டும்

(மேற்கு சென்னைப் புறநகரில் நடந்த குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் குடியிருக்கும் நீங்கள் கடைசியாக வாங்கிய தக்காளி எதில் வந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்க. தள்ளுவண்டியில் வாங்கியிருந்தால் கேட்டு வாங்கிய கவரில் வந்திருக்கும். சூப்பர் மார்க்கெட்டில் என்றால் தட்டில் அடுக்கி மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டிய பாக்கெட்டில். போனில் ஆர்டர் போட்டிருந்தால் பத்து இருபது நிமிஷத்தில் வாசலுக்கு வந்த ஒட்டிய பையில். வந்ததும் என்ன செய்தீர்கள்? அப்படியே சமையல் மேடையில் வைத்தீர்களா, ஃபிரிட்ஜில் தள்ளினீர்களா? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

முதலில் நான் பார்த்த ஒரு சம்பவம். ஆவடியில் ஒரு தெரு முனையில் தள்ளுவண்டி போடும் அம்மா ஒருவர். ஒரு நாள் காலையில் ஒரு பெண்மணி முடிச்சு அவிழ்க்காத கவரோடு வந்து வண்டி மேலே வைத்தார். "இன்னாம்மா தக்காளி குடுத்த? முந்தாநாள் வாங்கினேன். பாதி அழுகிப் போச்சு, மீதி பழுக்கவே இல்ல. மருந்து அடிச்சதா?" என்று சத்தம். வண்டிக்கார அம்மா, "குடுக்கும்போது நல்லாத்தான்க்கா இருந்துச்சு" என்று சொல்லிப் பார்த்தார். கூட்டம் சேர்ந்தது. கடைசியில் வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று காலை அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய லாபத்தில் பெரும்பகுதி அதிலேயே போயிருக்கும்.

அந்தக் கவரை நானும் பார்த்தேன். உள்பக்கம் முழுக்க நீர்முத்து. காம்பு இருந்த இடத்தில் வெள்ளைப் பூஞ்சணம். இரண்டு பழம் மட்டும் பச்சையும் வெளிர் மஞ்சளுமாக நின்றுவிட்டது. அங்கே மருந்துக்கான அடையாளம் எதுவும் இல்லை. முடிச்சுப் போட்ட கவரும் சென்னை வெயிலும் சேர்ந்தாலே அப்படித்தான் ஆகும். எப்படி என்று சொல்றேன்.

பறித்த பிறகும் உயிர் இருக்கு

செடியிலிருந்து பறித்ததும் தக்காளி செத்துப் போவதில்லை. நம்மைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக் கொண்டு கார்பன் டை ஆக்சைடை வெளியே விடும். கொஞ்சம் ஈரத்தையும் சூட்டையும் விடும். அதோடு எத்திலீன் என்ற வாயுவும் அதிலிருந்து வரும். இதுதான் பழுக்கச் சொல்லும் சேதி. செடிகளும் பழங்களும் எத்திலீனைத் தாமே உற்பத்தி செய்கின்றன என்பது 1934-ல் உறுதியானது. தக்காளி, வாழை, மா, பப்பாளி எல்லாம் இந்த வகை. பறித்த பிறகும் பழுக்கும். திராட்சை, எலுமிச்சை அப்படியில்லை.

அதனால்தான் தூரத்து ஊருக்கு அனுப்பும் தக்காளியைச் சிவக்கும் வரை செடியில் விடமாட்டார்கள். அடியில் லேசாக நிறம் திரும்பும்போதே, செங்காயாகப் பறிப்பார்கள். கோயம்பேட்டுக்கு வரும் தக்காளியில் பெரும்பகுதி ஆந்திராவின் மதனப்பள்ளி பக்கமிருந்தும், கர்நாடகாவின் கோலார் பக்கமிருந்தும் வருகிறது. சுமார் 250 கிலோமீட்டர் லாரிப் பயணம். கோலார் லாரிகள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உங்கள் பூந்தமல்லியைத் தாண்டித்தான் கோயம்பேட்டுக்குள் போகின்றன. பிறகு அதே தக்காளி குட்டியானையில் ஏறித் திரும்ப அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் வருகிறது. இத்தனை பயணத்திலும் அது மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

சிவப்பு எங்கிருந்து வருது?

பச்சைத் தக்காளியின் நிறம் பச்சையம். பழுக்கத் தொடங்கியதும் பச்சையம் சிதைந்து மறையும். அதே நேரத்தில் உள்ளே இரண்டு நிறமிகள் உருவாகும். ஒன்று லைக்கோபீன், இதுதான் சிவப்பு. இன்னொன்று பீட்டா கரோட்டின், இது ஆரஞ்சு மஞ்சள், கேரட்டில் இருப்பது. நல்ல பழுத்த தக்காளியில் லைக்கோபீன்தான் மிக அதிகம்.

நமக்கு முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கு. லைக்கோபீன் உருவாக ஏற்ற வெப்பநிலை ஏறக்குறைய 20 முதல் 25 டிகிரி செல்சியஸ். 30 டிகிரியைத் தாண்டி அப்படியே நீடித்தால் லைக்கோபீன் உருவாவது தடைபடும். பீட்டா கரோட்டின் மட்டும் தொடர்ந்து உருவாகும். விளைவு, பழம் மெத்தென்று ஆகிவிடும், நிறம் மட்டும் ஆரஞ்சிலேயே நிற்கும். மே மாதத்தில் உங்கள் வீட்டுத் தக்காளி சரியாகச் சிவக்காமல் மஞ்சளடித்துப் போவதற்கு முதல் காரணம் இதுதான். விற்றவர் மேல் தப்பில்லை.

எதிர்ப்பக்கமும் பாருங்க. 12 டிகிரிக்குக் கீழே பழுக்காத தக்காளியைப் பல நாள் வைத்தால் குளிரால் அடிபடும். பிறகு வெளியே எடுத்தாலும் திட்டுத்திட்டாகத்தான் நிறம் வரும், சீக்கிரம் அழுகும். வீட்டு ஃபிரிட்ஜின் உள்ளே சாதாரணமாக 4 டிகிரி அளவில் இருக்கும். செங்காயை வாங்கியதும் ஃபிரிட்ஜில் வைத்தால் அது பழுப்பதை நாமே நிறுத்திவிடுகிறோம்.

கவருக்குள் நடப்பது என்ன?

இப்போது அந்தக் கவருக்கு வருவோம். ஒரு கிலோ தக்காளியைப் பையில் போட்டு இறுக்கி மூடினால் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் குறையும், கார்பன் டை ஆக்சைடு கூடும், ஈரம் சேரும். அடுத்து என்ன ஆகும் என்பது பையைப் பொறுத்தது.

பை தடிமனாக, ஒட்டி மூடியதாக, ஓட்டையே இல்லாததாக இருந்தால் ஆக்சிஜன் வேகமாகக் குறையும். எத்திலீனை உருவாக்கப் பழத்துக்கு ஆக்சிஜன் வேண்டும். அது இல்லாதபோது எத்திலீன் குறையும். கூடிய கார்பன் டை ஆக்சைடு, இருக்கிற எத்திலீனையும் வேலை செய்ய விடாது. பச்சையம் சிதைவதும் லைக்கோபீன் உருவாவதும் பின்தங்கும். பழம் அப்படியே பச்சையாக நிற்கும்.

பை மெல்லிசாக, முடிச்சு தளர்வாக இருந்தால் கொஞ்சம் காற்று போய் வரும். அப்போது பழுக்கும். உள்ளே தங்கிய எத்திலீனால் சில சமயம் வேகமாகவே பழுக்கும். ஆனால் ஈரம் வெளியே போகாது. அந்த நீர்முத்து பூஞ்சணத்துக்கு விருந்து. ஒரு பழத்தில் சின்னக் கீறல் இருந்தால் போதும், அது அழுகி, அதிலிருந்து வரும் எத்திலீனும் பூஞ்சணமும் பக்கத்துப் பழங்களையும் கெடுக்கும்.

ஒரே கவரில் பாதி அழுகி, பாதி பச்சையாக இருந்ததற்குக் காரணம் இதுதான். முன்பே செங்காயாக இருந்தவை ஈரத்தில் அழுகின. ரொம்பப் பச்சையாக இருந்தவை சூட்டிலும் காற்றுக் குறைவிலும் நிறம் பிடிக்காமல் நின்றன.

அப்படியென்றால் பிளாஸ்டிக் பேக்கிங்கே தப்பா? அப்படிச் சொல்ல மாட்டேன். இதே விஞ்ஞானத்தை அளந்து பயன்படுத்தினால் தக்காளியின் ஆயுளைக் கூட்டலாம். ஆக்சிஜனை 3 முதல் 5 சதவீதத்திலும் கார்பன் டை ஆக்சைடைச் சில சதவீதத்துக்குள்ளும் நிறுத்தி, 13 டிகிரி அளவு குளிரில் வைத்தால் காய் மெதுவாகப் பழுக்கும். பிறகு வெளியே எடுத்ததும் நன்றாகச் சிவக்கும். பழத்தின் மூச்சுக்கு ஏற்ற தாளைத் தேர்ந்தெடுத்து, எத்தனை ஓட்டை வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்யும் வேலை அது. ஆக்சிஜன் 1, 2 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ கதை மாறிவிடும். பழம் புளிக்கத் தொடங்கும், சாராய வாடை வரும்.

நம்ம ஊரில் சிக்கல் என்னவென்றால் குளிர்ச்சி நடுவில் அறுந்து போகிறது. 13 டிகிரிக்கு என்று கணக்குப் போட்ட பாக்கெட்டை 35 டிகிரி சமையலறையில் வைத்தால் என்ன ஆகும்? 10 டிகிரி கூடும்போது பழத்தின் மூச்சு இரண்டு மடங்குக்கும் மேல் கூடும். தாள் வழியே காற்று போகும் அளவு அந்த வேகத்தில் கூடாது. உள்ளே மூச்சு முட்டும். குளிர்ந்த கடையில் நன்றாக இருந்த பாக்கெட், பைக்கின் டேங்க் கவரில் ஒரு மணி நேரம் வெயிலில் வந்ததும் வேர்த்துப் போவது இதனால்தான்.

திருமழிசை கற்றுக் கொடுத்தது

பேக்கிங்கும் நிழலும் காற்றும் எவ்வளவு முக்கியம் என்பதை இந்தப் பகுதி மக்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறீர்கள். 2020 மே 5-ஆம் தேதி கொரோனா பரவலால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. சில நாட்களில் பூந்தமல்லியை அடுத்த திருமழிசையில் தற்காலிகக் காய்கறிச் சந்தை தொடங்கியது. செப்டம்பர் 28-ஆம் தேதி கோயம்பேடு மறுபடி திறக்கும் வரை சென்னைக்கான காய்கறி அங்கிருந்துதான் போனது. திறந்தவெளி மைதானம். வெயில் அடித்த நாளில் சூடு, மழை பெய்த நாளில் சேறு. மழைக்குப் பிறகு நனைந்து வீணான காய்கறி குவியலாகக் கிடந்தது அந்த நாட்களில் செய்தியானது. அதே தக்காளி, அதே லாரி. இறக்கி வைத்த இடம் மாறியதும் வீணாகும் அளவும் மாறிவிட்டது.

நாடு முழுவதற்கும் 2015-ல் வெளியான மத்திய அறுவடைப் பின்சார் ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், அறுவடை முதல் கடை வரை தக்காளியில் சுமார் 12 சதவீதம் வீணாகிறது. எட்டுப் பழத்தில் ஒன்று. அதற்குப் பிறகு நம் வீட்டுக் கவரில் அழுகுவது இந்தக் கணக்கில் சேராது.

தக்காளி கிலோ 20 ரூபாய்க்கு விற்கும்போது இது பெரிதாகத் தெரியாது. 2023 ஜூலையை நினைத்துப் பாருங்க. விலை 100 ரூபாயைத் தாண்டியது. அரசு சென்னையில் முதலில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. அப்போது ஒரு பழம் அழுகினாலும் மனசு பதறியது. பழம் எப்போதும் அதேதான். வீணாகாமல் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை விலை ஏறும் வரை தள்ளிப்போட வேண்டியதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது

ஒன்று. வீட்டுக்கு வந்ததும் கவரை அவிழ்த்து, பாக்கெட்டைக் கிழித்து, தக்காளியை வெளியே எடுங்க. ஈரமாக இருந்தால் துணியால் ஒற்றுங்க. உடனே கழுவி வைக்க வேண்டாம். சமைப்பதற்கு முன் கழுவினால் போதும்.

இரண்டு. தரம் பிரியுங்க. கீறல் விட்டதை இன்றைக்கே ரசத்துக்கு எடுத்துக்கோங்க. நன்கு சிவந்தவை இரண்டு நாளுக்கு. செங்காய் அதற்குப் பிறகு.

மூன்று. செங்காயைக் கூடையிலோ தட்டிலோ ஒரே அடுக்காக, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி, அடுப்பிலிருந்தும் ஜன்னல் வெயிலிலிருந்தும் தள்ளி வையுங்க. வீட்டிலேயே குளுமையான மூலை எதுவோ அங்கே.

நான்கு. முழுதாகப் பழுத்த பிறகு, உடனே சமைக்க முடியாது என்றால் மட்டும் ஃபிரிட்ஜ். மணம் கொஞ்சம் குறையும், ஆனால் அழுகாது.

ஐந்து. சீக்கிரம் பழுக்க வேண்டுமா? ஒரு காகிதப் பையில் செங்காயோடு ஒரு பழுத்த வாழைப்பழத்தைப் போட்டு வாய் மடித்து வையுங்க. எத்திலீன் உள்ளே தங்கும், காகிதம் வழியே காற்றும் ஈரமும் போய் வரும். பிளாஸ்டிக் கவரில் இதைச் செய்தால் ஈரம் கெடுத்துவிடும்.

இன்னொன்று, சிவந்த தக்காளியை எண்ணெயில் வதக்கிச் சமைத்தால் லைக்கோபீன் உடம்பில் நன்றாகச் சேரும். நம் வீட்டுத் தக்காளித் தொக்கு அதைத்தான் செய்கிறது.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். கையில் போன் இருக்கிறது, நீங்களே பார்த்துவிடுங்க. ஒரே மாதிரி இருக்கும் ஒன்பது செங்காய் எடுத்துக்கோங்க. மூன்றை இறுக்கக் கட்டிய கவரில், மூன்றைத் திறந்த தட்டில், மூன்றை வாழைப்பழத்தோடு காகிதப் பையில் வையுங்க. தினமும் காலையில் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் ஒரு போட்டோ. கவரைத் திறக்காமல் வெளியிலிருந்தே எடுங்க. ஐந்தாறு நாள் போட்டோக்களை வரிசையாகத் தள்ளிப் பாருங்க. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் விட்டுவிடுங்க. கடைசியில் கவரில் இருந்தது புளித்த வாடை அடித்தாலோ பூஞ்சணம் பிடித்திருந்தாலோ சாப்பிட வேண்டாம், மக்கும் குப்பையில் போடுங்க.

சட்டம் என்ன சொல்லுது?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. கேரி பேக் எந்தத் தடிமனாக இருந்தாலும் இந்தத் தடையில் வரும். ஆக, "கவர் இல்லையா?" என்று நாம் கேட்பதே வண்டிக்காரரைச் சட்டத்தை மீறச் சொல்வதுதான். அபராதம் வந்தால் கட்டுவது அவர், நாம் இல்லை. 2021 டிசம்பர் 23-ஆம் தேதி தொடங்கிய மீண்டும் மஞ்சப்பை இயக்கம் இதற்கு மாற்று. கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரமும் வைக்கப்பட்டது. துணிப்பையில் தக்காளி மூச்சும் விடும்.

"மருந்து வைத்த பழம்" என்ற சந்தேகத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவை 10 லட்சத்தில் 100 பங்கு என்ற அளவு வரை, அதற்கான அறையில் பயன்படுத்த அனுமதி உண்டு. நிறம் பிடிக்காதது, வெளியே சிவந்து உள்ளே வெள்ளை நரம்பு ஓடுவது, இவற்றை மட்டும் வைத்து மருந்து என்று முடிவு கட்ட முடியாது. சூட்டாலும், வயலில் பொட்டாஷ் சத்துக் குறைவாலும்கூட அப்படி ஆகும். கல் வைத்திருப்பதையே பார்த்தீர்கள், காரமான வாடை வந்தது என்றால் புகார் செய்யுங்க.

அதற்குத் தெருவில் சண்டை போட வேண்டியதில்லை. உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. கடை இருக்கும் இடம், தேதி, பொருளின் போட்டோ, பாக்கெட் என்றால் லேபிளின் போட்டோ ஆகியவற்றை அனுப்புங்க. பாக்கெட் பொருளில் எடை, விலை விஷயத்தில் ஏமாற்றம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சாலையோரம் அழுகிய காய்கறிக் குவியல் கிடந்தால் அது உள்ளாட்சியின் வேலை. அம்பத்தூர் சென்னை மாநகராட்சியின் 7-வது மண்டலம், அதனால் 1913-க்கு அழைக்கலாம். ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. அவர்கள் தங்கள் உள்ளாட்சி அலுவலகத்தை அணுகலாம். எங்கே சொல்வது என்று தெரியாவிட்டால் முதல்வரின் உதவி மையம் 1100 எல்லோருக்கும் பொது. அன்றைய சந்தை விலையைத் தெரிந்துகொள்ள உழவன் செயலி இருக்கிறது.

கடைசியாக அந்த வண்டிக்கார அம்மா. அன்று கூட்டம் கலைந்த பிறகு அந்தப் பெண்மணியிடம் இப்போது உங்களிடம் சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னேன். உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "அப்போ கவர் குடுத்தது அவங்க தப்புதானே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கேட்டது யார் என்று நான் திருப்பிக் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போய்விட்டார். சில நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது வண்டியில் கவர் கட்டு தொங்கவில்லை. "குடுக்கிறத நிறுத்திட்டேன் சார். வியாபாரம் கொஞ்சம் கம்மிதான். பை இல்லாதவங்க அடுத்த வண்டிக்குப் போறாங்க" என்றார் அந்த அம்மா.

அடுத்த வண்டிக்குப் போகிறவர்களில் நாம் ஒருவராக இருக்க வேண்டாம். நாளைக் காலை கீழே இறங்கும்போது போனோடு ஒரு துணிப்பையையும் எடுத்துக்கோங்க.